கைக்கு மறதி இல்லை

விடிய நாலரை மணி இருக்கும். கிணற்றடியில் கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டுப் பதறி எழுந்து ஓடினேன். இலங்கையில், திருகோணமலையை அடுத்த எங்கள் உப்புவெளியின் மணல் தரையில் தண்ணீர் கிட்டத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டு பழையது, இடுப்பு உயரம்கூட இல்லை. அம்மம்மா இருட்டில் நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தா. முதல்நாள் இரவு என்ன சாப்பிட்டா என்று கேட்டால் அவவுக்குத் தெரியாது. என்னைத் தன் தங்கச்சி என்றுதான் நினைக்கிறா. ஆனால் வாளியைச் சரித்து விழுத்துவதிலும் கயிற்றைக் கைமாற்றி இழுப்பதிலும் ஒரு பிசகும் இல்லை.

"அறளை பேர்ந்திட்டுது, கவனமாப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று அயலில் சொல்வார்கள். முதுமையில் வரும் மறதிநோயைத்தான் அப்படிச் சொல்வது. எதைப் பார்த்துக்கொள்வது? மறந்துபோனவற்றால் வரும் ஆபத்தை எல்லோரும் எதிர்பார்க்கிறோம். மறக்காமல் மிஞ்சியிருப்பவற்றாலும் ஆபத்து வரும் என்பது அந்த விடியலில்தான் எனக்கு விளங்கியது.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பைக் குறைப்பதற்காக மூளையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை இரண்டு பக்கத்திலும் அகற்றினார்கள். அதற்குப் பிறகு நடந்த எதையும் அவரால் மனத்தில் நிறுத்த முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கையைப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவரது கை தேறியது. மூன்றாம் நாள் நன்றாகவே வரைந்தார். ஆனாலும் இப்படியொன்றை முன்பு செய்த நினைவே அவரிடம் இல்லை. நடந்ததைப் பதியும் இடம் வேறு, பழக்கத்தைப் பதியும் இடம் வேறு என்பது அப்படித்தான் தெரியவந்தது.

மறதிநோய்களில் ஒன்றான அல்சைமர் நோய் பெரும்பாலும் இந்த ஹிப்போகாம்பஸிலும் அதன் அயலிலும்தான் தொடங்குகிறது. பழக்கங்களைத் தாங்கும் ஆழ்மூளைக் கணுக்களும் சிறுமூளையும் வெகுகாலம் தாக்குப்பிடிக்கின்றன. அறுபது வருடம் விடியற்காலையில் தண்ணீர் அள்ளிய கை, கப்பியையும் வாளியையும் கண்டதும் தானாக நீளும். "கிணத்தடிக்குப் போகாதேங்கோ" என்று நாங்கள் நூறு தரம் சொன்னது பதியவேயில்லை. பதியும் இடம்தானே பழுதாகிவிட்டது. ஆகவே சொல்வதை விட்டுவிட்டு வாளியையும் கயிற்றையும் கழற்றி உள்ளே வைத்தோம். கிணற்றின் மேல் இரும்புச் சட்டத்தில் வலை அடித்துப் பூட்டினோம். பழக்கத்தைத் தூண்டும் பொருள் கண்ணில் படாவிட்டால், பல நேரங்களில் அந்தப் பழக்கமும் எழும்புவதில்லை. பைப்படியில் ஒரு சின்ன வாளியும் செம்பும் வைத்திருக்கிறோம். விடியலில் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது அவவின் வேலை.

குசினியிலும் இதே கதைதான். அடுப்பை மூட்டும் வேலை கைக்குத் தெரியும். ஆனால் "பால் வைத்திருக்கிறேன், பொங்கமுன் இறக்க வேண்டும்" என்ற எண்ணத்தைச் சில நிமிடம் பிடித்து வைத்திருக்க வேண்டுமே, அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. முற்றத்தில் ஒரு காகம் கரைந்தால் போதும், அடுப்பு மனத்தை விட்டுப் போய்விடும். எரிவாயுவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்றே எதில் மெர்கப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். அல்சைமர் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களில் மணம் அறியும் பகுதிகளும் அடங்கும். நமக்கு மூக்கைப் பொத்த வைக்கும் கசிவு அவவுக்கு ஒன்றுமேயில்லை. அந்த வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கி நிற்கும். அதனால் சமைத்து முடிந்ததும் அடுப்பின் திருகை மட்டும் பூட்டினால் போதாது. சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடவேண்டும். சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. மாரியில் மின்வெட்டு வரும்போது குப்பி விளக்கும் மெழுகுதிரியும் வேண்டாம்; ரோச் லைற் போதும்.

கண் விடயம் பலருக்குத் தெரியாது. வைத்தியர் பார்த்து, கண்ணில் குறையில்லை என்று சொல்லியிருப்பார். ஆனால் பார்ப்பது கண் மட்டுமில்லை. நிறங்களின் எல்லையையும் பள்ளம் மேட்டையும் பிரித்தறிவது மூளையின் பின்பக்கத்து வேலை, நோய் அங்கேயும் போகிறது. கறுப்புக் கால்மிதி ஒரு குழியாகத் தெரியலாம். மினுக்கிய சீமெந்துத் தரை தண்ணீராகத் தெரியலாம். அம்மம்மா வாசலில் நின்று காலைத் தூக்கி எதையோ தாண்டுவதைப் பார்த்து முதலில் பயந்தோம். கால்மிதியை எடுத்த அன்றே அது நின்றுவிட்டது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போட்டால் சோறே தெரியாமல் போகும். 2004இல் பொஸ்ரனில் நோய் முற்றிய சிலருக்கு அடர்சிவப்பு நிறத் தட்டிலும் கோப்பையிலும் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட அளவு சுமார் 25 சதவீதமும், குடித்த அளவு 84 சதவீதமும் கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. மலசலகூடத்தில் வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடியைப் பூட்டாமல், நீலமோ சிவப்போ பூட்டுங்கள். படி விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிடுங்கள்.

எங்கள் ஊரில் மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது வழக்கம். இதை இன்றைக்கே நிறுத்தவேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நோய் முற்றும்போது, பொருள் இன்னதென்ற அறிவும் கரைகிறது. மிஞ்சுவது உருவம்தான்: போத்தல் என்றால் குடிப்பது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மண்ணெண்ணெயின் பெரிய கேடு வயிற்றில் இல்லை. மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கி அதை அவித்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேலியோரத்து மஞ்சள் அலரியையும் பாருங்கள். அதன் காயும் விதையும் இதயத்தின் துடிப்பைக் குழப்பும் நஞ்சு. பூப்பறிக்கும் பழக்கமுள்ளவர் இருக்கும் வளவில் அது வேண்டாம்.

குளிசைப் பெட்டி பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். "போட்டேன்" என்பது பதியாதவர் திரும்பவும் போடுவார். தடிமனுக்குக் கடையில் வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசையையும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மூளையில் நினைவுக்கு உதவும் அசற்றைல்கோலின் என்ற பொருள் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. அந்தக் குளிசை அதன் வேலையை இன்னும் தடுக்கும், குழப்பம் கூடும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீரும் மருந்துதான். வயதானால் தாகம் தெரிவது குறையும். உடலில் நீர் வற்றினால் ஒரே நாளில் பேச்சுத் தடுமாறும். நோய் கூடிவிட்டது என்று நாங்கள் ஒருமுறை அழுதிருக்கிறோம். வைத்தியர் பார்த்துவிட்டு, நீர் வற்றிய குழப்பம் என்றார்.

பொழுதுபடும் நேரம்தான் கடினம். மூளைக்குள் பகலையும் இரவையும் அளக்கும் ஒரு சிறு மணிக்கூடு உண்டு; அதன் நரம்புக் கலங்களும் தேய்கின்றன. நாள் முழுதும் களைத்த மூளையும் மங்கும் வெளிச்சமும் நீளும் நிழலும் சேரும்போது பதற்றம் ஏறுகிறது. ஐந்தரைக்கே எல்லா லைற்றையும் போட்டுவிடுகிறோம். ஆறு மணியளவில் அம்மம்மா எழுந்து சேலையைச் சரிசெய்வா.

"நான் வீட்ட போகோணும். ஆச்சி தேடுவா."

"இதுதானே உங்கட வீடு" என்று சொன்னால் கோபம் வரும். அவவின் வீடு திருக்கடலூரில், பழைய காலத்தில் இருக்கிறது. மூளையில் பழைய பதிவுகள் பிந்தி அழிவதால், வெளிக்கிட்டுப் போகிறவர்கள் பலர் பிறந்த வீட்டையோ வேலை செய்த இடத்தையோ தேடித்தான் நடப்பார்கள். "சரி அம்மா, வாங்கோ போவம்" என்று என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு படலையைத் தாண்டிச் சந்திவரை நடந்து திரும்பி வருவா. படலைக் கொக்கியைக் கண் போகாத கீழ்ப்பக்கத்துக்கு மாற்றினோம். எட்டும் உயரத்தில் தேடிவிட்டு அம்மம்மா திரும்பிவிடுவா. ஆனால் யாரையும் தனியே உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் வழியில்லை.

இவ்வளவு செய்தாலும் ஒரு நாள் தவறும். அவவின் உடுப்பின் உட்புறத்தில் எங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தைத்திருக்கிறோம். அண்மையில் எடுத்த படம் ஒன்று எல்லோருடைய போனிலும் இருக்கிறது. பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990 என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறோம். வெட்கப்பட்டு மறைக்காமல் கடைக்காரருக்கும் கோயிலடியில் இருப்பவர்களுக்கும் ஓட்டோத் தரிப்பிடத்துத் தம்பிமாருக்கும் நோயைச் சொல்லி வைத்தோம். போன மாதம் ஒரு பின்னேரம் நான் துணி எடுத்துக்கொண்டு நின்ற ஐந்து நிமிடத்தில் படலை திறந்து கிடந்தது. நான் தெருவுக்கு வரமுன்னமே போன் அடித்தது.

"அக்கா, அம்மம்மா திருக்கடலூர்ப் பக்கமா நடக்கிறா. நான் பக்கத்திலதான் போறன். ஆறுதலா வாங்கோ."