வேல்யூ கோ-க்ரியேஷன்: தமிழ்ல என்னெண்டு சொல்லுறது?

மனேஜ்மென்ட் படிக்கிற பிள்ளைகள் "வேல்யூ கோ-க்ரியேஷன்" எண்டு வாய் நிறையச் சொல்லுவாங்க. தமிழ்ல என்ன எண்டு கேட்டா "மதிப்பு இணை உருவாக்கம்" எண்டு ஒண்டு வரும், அதை வாசிச்சா ஒண்டும் விளங்காது. இன்னும் சில பேர் "கஸ்டமரையும் சேர்த்து வேலை வாங்குறது" எண்டு விளக்கம் குடுக்கிறாங்க, அது அதைவிட மோசம்.

பொருள் இதுதான். பெறுமதி எண்டது விக்கிறவர் செஞ்சு, உள்ளுக்க வச்சு அடைச்சு, காசுக்கு மாத்தித் தாற சாமான் இல்ல. வாங்குறவர் அதைக் கொண்டுபோய்த் தன்ட தேவைக்குப் பாவிக்கிற நேரத்துல, அவர்ட அறிவும் விக்கிறவர்ட அறிவும் சேர்ற இடத்துலதான் அது உண்டாகுது.

சொல்லுட பிறப்பைப் பார்த்தா எல்லாம் இலத்தீன்தான். வேல்யூ எண்டது "வலேரே", பலமா இருக்கிறது, தகுதியா இருக்கிறது எண்டு அர்த்தம். கோ எண்டது "கூட". க்ரியேஷன் உண்டாக்குறது. இதோட ஒட்டிக்கிட்டு வாற சேர்விஸ் எண்ட சொல்லுட கதைதான் கொஞ்சம் கசப்பு, அது "செர்வுஸ்" எண்டதுல இருந்து வந்தது, அடிமை எண்டு அர்த்தம், அதாவது ஒரு காலத்துல அடிமை செய்ற வேலைதான் சேர்விஸ். கஸ்டமர் எண்டது வழக்கம் எண்ட சொல்லுல இருந்து வந்தது, வழமையா வாறவர், எங்கட வாடிக்கையாளரும் அதே மாதிரி வாடிக்கையில இருந்து வந்தவர்தான். ஆனா கன்சியூமர் அப்பிடியில்ல, எடுத்துத் தீர்த்து முடிக்கிறவர் எண்டதுதான் அதுட மூலம். தொழிற்சாலைக்காரன் பெறுமதியை உண்டாக்குவான், நுகர்வோர் அதைத் தின்டு முடிப்பார், இதுதான் பழைய கணக்கு.

அந்தப் பழைய கணக்கு எங்கட பில்லுலயே கிடக்கு. இலங்கையில 2002ஆம் ஆண்டுச் சட்டத்தோட வந்த வற் வரிக்குத் தமிழ்ப் பேர் பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில இருந்து 18 வீதம். ஒவ்வொரு கையா மாறி வரக்குள்ள ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சமாப் பெறுமதியைச் சேர்க்கிறாங்க, கடைசியா வாங்குறவர் ஒண்டும் சேர்க்கிறதில்ல, காசு மட்டும் கட்டுறார். வரி அறவிடுறதுக்கு இந்தக் கணக்கு போதும், ஆனா பெறுமதி எங்க பிறக்குது எண்டு விளக்க இது போதாது எண்டுதான் புதுசா வந்தவங்க சொன்னாங்க.

வந்தவங்க யார் எண்டா, 2000ஆம் ஆண்டளவுல சி. கே. பிரகலாத்தும் வெங்கட் ராமஸ்வாமியும் கஸ்டமர்ட திறமையையும் கம்பெனி தன்ட வளமாப் பார்க்கோணும் எண்டு எழுதினாங்க. பிரகலாத் கோயம்புத்தூர்ல பிறந்த ஆள், மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர், 2010ல காலமானார். மறுகா 2004ல ஸ்டீபன் வார்கோ, ரொபர்ட் லஷ் எண்டு ரெண்டு பேர் ஜேர்னல் ஒஃப் மார்க்கெட்டிங்ல ஒரு கட்டுரை எழுதி எல்லாத்தையும் தலைகீழாக்கிப் போட்டாங்க. ஏ.எல். வர்த்தகப் பாடத்துல நாம "பொருட்களும் சேவைகளும்" எண்டு ரெண்டாப் பிரிச்சுப் படிச்சமே, அந்தப் பிரிவினையே தேவையில்ல எண்டாங்க. ஒருத்தர் தன்ட அறிவையும் திறமையையும் இன்னொருத்தர்ட நன்மைக்குப் பாவிக்கிறதுதான் சேவை, எல்லாக் கொடுக்கல் வாங்கலும் அடியில சேவைக்குச் சேவைதான், பொருள் எண்டது அந்தச் சேவையைக் காவிக்கிட்டு வாற ஒரு வாகனம் மட்டும்தான். இன்னொண்டும் சொன்னாங்க, எனக்கு அதுதான் முக்கியமாப் படுது: கம்பெனியால பெறுமதியைக் குடுக்கவே ஏலாது, "இப்பிடி ஒரு பெறுமதி கிடைக்கும்" எண்டு முன்மொழிய மட்டும்தான் ஏலும்.

இதை விளங்குறதுக்கு அமெரிக்கா போகத் தேவையில்ல, மட்டக்களப்பு டவுன்ல ஒரு டெயிலர் கடை வாசல்ல கொஞ்ச நேரம் நிண்டா போதும். கலியாண வீட்டுக்குச் சாறிச் சட்டை தைக்க ஒரு பிள்ளை வந்திருக்கு, துணி அந்தப் பிள்ளைட துணி, கையோட ஒரு பழைய அளவுச் சட்டையும் கொண்டு வந்திருக்கு. டெயிலர் அக்கா நாடாவைக் கழுத்துல போட்டுக்கிட்டு அளவுச் சட்டையை மேசையில விரிச்சுப் பார்க்கிறா.

"இதுல எங்க பிள்ளை இறுக்கம்?"

"கைக்கிட்டத்தான் அக்கா. தூக்கினா பிடிக்குது."

"கழுத்து இவ்வளவு இறக்கமா வேணுமா? வீட்டுல ஏசமாட்டாங்களா?"

"ஒள்ளுப்பம் ஏத்தி வைங்க அப்ப. முதுகுப் பக்கம் அப்பிடியே இருக்கட்டும்."

"உள்ளுக்க துணி விட்டு அடிச்சுத் தாறன், மறுகா உடம்பு வச்சா பிரிச்சுக்கலாம்."

இந்தப் பேச்சுக்குள்ள யார் எதைச் செஞ்சாங்க எண்டு பிரிச்சுப் பாருங்க. வெட்டுறது, தைக்கிறது, உடம்பு வைக்கும் எண்டு முன்கூட்டி யோசிச்சு உள்ளுக்க துணி விடுறது, அது அக்காட அறிவு. எங்க பிடிக்குது, எந்தச் சபைக்குப் போடப் போறம், வீட்டுல என்ன சொல்லுவாங்க, அது பிள்ளைட அறிவு, அது அக்காக்கு எந்தக் காலமும் தெரிய வராது, பிள்ளை வாய் திறந்தாத்தான் உண்டு. வார்கோவும் லஷும் இந்த மாதிரி அறிவு, திறமையை இயக்குற வளம் எண்டும், துணி, மெஷின் மாதிரியானதை இயக்கப்படுற வளம் எண்டும் பிரிச்சாங்க. சரி, சட்டை தைச்சு முடிஞ்சுது, கூலியும் குடுத்தாச்சு, பெறுமதி வந்திட்டா? இன்னும் இல்ல. கலியாண வீட்டுல அதைப் போட்டுக்கிட்டு கையைத் தூக்கி நாலு பேருக்குப் பரிமாறக்குள்ள பிடிக்காம இருந்தா அப்பத்தான் வருது, அந்த இடத்துல அக்கா இல்லவே இல்ல.

இங்கதான் முக்கால்வாசிப் பேர் வழுக்குறது. கஸ்டமர் கடைக்காரன்ட வேலையில ஒரு பங்கைச் செய்றதுக்குப் பேர் கோ-ப்ரொடக்ஷன், கூட்டு உற்பத்தி. ஏ.டி.எம்.ல நீங்களே காசெடுக்கிறது, சுப்பர் மார்க்கெட்ல நீங்களே கூடையைத் தூக்கிக்கிட்டுத் திரியிறது, ஃபோன்ல நீங்களே ரீலோட் போடுறது எல்லாம் அதுதான். அமெரிக்க எழுத்தாளர் அல்வின் டொஃப்லர் 1980லயே இப்பிடி உற்பத்தியும் செஞ்சு நுகரவும் செய்ற ஆளுக்கு "ப்ரொசூமர்" எண்டு பேர் வச்சிட்டார். கூட்டு உற்பத்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம், விருப்பத்தைப் பொறுத்தது. பெறுமதியைச் சேர்ந்து உண்டாக்குறது அப்பிடியில்ல, நீங்க கையைக் கட்டிக்கிட்டு இருந்தாலும் பாவிக்கிறது நீங்கதான் எண்டபடியால அது நடந்தே தீரும். வார்கோவும் லஷுமே 2004ல "வாடிக்கையாளர் எப்பவும் கூட்டு உற்பத்தியாளர்" எண்டு எழுதிப்போட்டு, மறுகா அதைக் கூட்டாப் பெறுமதி உண்டாக்குறவர் எண்டு திருத்திக்கிட்டாங்க. அதனால கஸ்டமர்ட தலையில வேலையைக் கட்டிப்போட்டு இது கோ-க்ரியேஷன் எண்டு ஒரு கம்பெனி சொன்னா நம்பாதீங்க, அது சம்பளம் மிச்சம் பிடிக்கிற வேலை.

சேர்ந்து உண்டாக்கலாம் எண்டா சேர்ந்து கெடுக்கவும் ஏலும்தானே. அம்பாறைப் பக்கம் வீட்டு நெல்லை அவிச்சுக் காயவச்சு மில்லுக்குக் கொண்டுபோறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். வெயில் காணாம ஈரத்தோட கொண்டுபோனாலும் பழுது, காயவிட்டது கூடிப்போனாலும் குறுணலா உடையும், மில்லுக்காரர் மெஷினை இறுக்கி வச்சாலும் உடையும், கடைசியில யார்ட பிழை எண்டு மில் வாசல்ல நிண்டு சண்டை பிடிக்கத்தான் ஏலும், அரிசி முழுசா வராது. 2010ல ரெண்டு ஆய்வாளர்கள் இதுக்குக் கோ-டிஸ்ட்ரக்ஷன் எண்டு பேர் வச்சாங்க. இன்னொரு எதிர்க்குரலும் இருக்கு, பின்லாந்துக்காரர் கிறிஸ்டியன் க்ரொன்ரூஸ் சொல்லுறது: பெறுமதியை உண்டாக்குறது வாடிக்கையாளர்தான், கம்பெனி வழிசெஞ்சு குடுக்குது, ரெண்டு பேரும் நேர்ல சேர்ந்து இயங்குற இடத்துல மட்டும்தான் "கோ" எண்ட சொல்லைப் போடலாம். டெயிலர் கடைக் கதைக்கு இவர் சொல்லுறதுதான் கூடப் பொருந்துற மாதிரி எனக்குப் படுது.

இனித் தமிழுக்கு வருவம். சேவை வடசொல், அதை விட்டுப்போட்டுப் பணி எண்டு எழுதோணும் எண்டு சில பேர் நிக்கிறாங்க. பணி நல்ல சொல்தான், ஆனா அதுக்குள்ளயும் பணியிறது இருக்கு. ஊழியம் எண்டா எங்கட பக்கம் சபை ஊழியம் ஞாபகம் வரும், தொண்டு எண்டா சுனாமிக்குப் பிறகு வரிசையா வந்து நிண்ட தொண்டு நிறுவன வாகனங்கள்தான் ஞாபகம் வரும். சேவையே இருக்கட்டும், என்ன குறைஞ்சிடப் போகுது.

வேல்யூக்கு மதிப்பா பெறுமதியா எண்டதுதான் உண்மையான சிக்கல். "இந்த மாடு ரெண்டு லட்சம் பெறும்" எண்டு சொல்லுறமே, பெறுமதி அங்க இருந்து வந்தது, மாத்தினா என்ன கிடைக்கும் எண்ட கணக்கு, அது பழைய கணக்குதான். மதிப்பு எண்டது மதிக்கிறதுல இருந்து வாறது, மதிக்க ஒரு ஆள் வேணும், பெறுமதியைத் தீர்மானிக்கிறது அதை அனுபவிக்கிறவர்தான் எண்ட புதுக் கருத்துக்கு அதுதான் கிட்ட நிக்குது. தமிழ்நாட்டுக்காரர் மதிப்பு எண்டு எழுதுறதுல நியாயம் இருக்கு. ஆனா இலங்கையில மதிப்பு எண்டா முதல்ல மரியாதைதான் காதுல விழும், வரியில இருந்து பாடப்புத்தகம் வரைக்கும் பெறுமதிதான் ஊறிப்போய்க் கிடக்கு, அதனால இங்க எழுதுறவங்க பெறுமதி எண்டே எழுதலாம்.

"கோ"வுக்கு இணை வேணாம், அது பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரித்தான் இருக்கு. கோ-ஒப்பரேட்டிவ்வை நம்ம ஆக்கள் எப்பவோ கூட்டுறவு எண்டு ஆக்கிட்டாங்க, சங்கக் கடைக்குப் போன எல்லாருக்கும் தெரிஞ்ச சொல், அந்தக் கூட்டு இங்கயும் பொருந்தும். க்ரியேஷனுக்கு உருவாக்கம் பிழையில்ல, ஆனா உருவம் இல்லாத ஒண்டுக்கு என்னத்துக்கு உரு. ஆக்கம் எண்டு போடுங்க. சோறாக்குறது, கறியாக்குறது எண்டு வீட்டுக்க புழங்குற சொல், குறள்ல அது செல்வம் எண்ட அர்த்தத்துலயும் வருது, செய்றதும் கிடைக்கிற நன்மையும் ஒரே சொல்லுக்குள்ள.

ஆகவே கூட்டுப் பெறுமதியாக்கம். நடுவுல வாற "ப்"பை விட்டுடாதீங்க. ஆளைச் சொல்லோணும் எண்டா கூட்டுப் பெறுமதியாக்குநர், கோ-டிஸ்ட்ரக்ஷனுக்குக் கூட்டுப் பெறுமதிச் சிதைப்பு. பரீட்சையில எழுதுறீங்க எண்டா முதல் தடவை ஆங்கிலச் சொல்லையும் பக்கத்துல எழுதி விடுங்க, திருத்துற சேர் "மதிப்பு இணை உருவாக்கம்" கட்சியாவும் இருக்கலாம்.