ஸ்டிக்கரில் 2500 வாட்ஸ், அளந்தால் 21

போன மாதம் ஒருவர் ஹோம் தியேட்டர் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு ட்வீட்டரும் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிந்துபோயிருந்தன. "2500 வாட்ஸ் செட்டுண்ணே, வீட்டு விசேஷத்துல ஃபுல் வால்யூம் வெச்சா தாங்காதா?" என்றார்.

மூடியைக் கழற்றினேன். 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு 12 வோல்ட்டும் சேர்ந்து 24; அதை 5ஆல் பெருக்கினால் 120 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால், 2500 எங்கிருந்து வெளியே வரும்? அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அளந்து காட்டினேன்.

ஸ்பீக்கரை வைத்து அளக்கக் கூடாது. பாட்டின் ஃப்ரீக்வென்சி மாற மாற அதன் ஓம்ஸும் (மின்தடை) மாறும். அதனால் 4 ஓம்ஸ், 100 வாட்ஸ் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை மாட்டினேன் (நன்றாகச் சுடும், கை படக் கூடாது). இன்புட்டில் 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை. அதற்கு மொபைல் ஆப்பே போதும். அவுட்புட்டில் ஆசிலோஸ்கோப் (அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி). வால்யூமை மெல்ல ஏற்றினால், ஒரு கட்டத்தில் அலையின் உச்சி சீவிவிட்ட இளநீர் போலத் தட்டையாகும். அதுதான் கிளிப்பிங். அதற்குச் சற்று முன்பே நிறுத்தி, ஆர்.எம்.எஸ். வோல்டேஜை (உச்சி அளவு அல்ல, பவர் கணக்குக்கு உதவும் ஒருவகைச் சராசரி) பார்த்து, அதை அதாலேயே பெருக்கி, ஓம்ஸால் வகுக்க வேண்டும்.

ஒரு சேனலை மட்டும் ஓட்டியபோது 9.8 வோல்ட், அதாவது 24 வாட்ஸ். இரண்டையும் சேர்த்து ஓட்டியதும் டிரான்ஸ்ஃபார்மர் திணறி 9.2க்கு இறங்கியது. சேனலுக்கு 21 வாட்ஸ். இந்த இரண்டாவது அளவைத்தான் நான் எழுதிக் கொடுப்பேன்.

ஸ்கோப் இல்லாமல் மல்டிமீட்டரில் பார்ப்பவர்கள் 100 ஹெர்ட்ஸில் அளந்து பாருங்கள். விலை குறைந்த மீட்டர்களின் ஏசி ரேஞ்ச் 50 ஹெர்ட்ஸ் கரண்டை மனத்தில் வைத்துச் செய்தது. 1000இல் பல மீட்டர்கள் தப்பாகக் காட்டும். அப்புறம், பிரிட்ஜ் போர்டாக (ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் வரும், எதுவும் கிரவுண்டு அல்ல) இருந்தால் ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை ஸ்பீக்கர் முனையில் மாட்டிவிடாதீர்கள். ஐசி போய்விடும்.

சரி, 2500 மாதிரி பெரிய எண்ணோடு பெட்டியில் போடும் பி.எம்.பி.ஓ. (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்ன கணக்கு? எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறையே அதற்குக் கிடையாது. அமெரிக்காவில் இந்த வாட்ஸ் போட்டி முற்றிப்போய், 1974இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி கொண்டுவந்தது: வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வாட்ஸ் போட்டு விளம்பரம் செய்தால், தொடர்ந்து தரும் பவர் எவ்வளவு, எத்தனை ஓம்ஸில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவு) என்று சொல்லியாக வேண்டியிருந்தது.

ட்வீட்டர் எரிந்ததற்கும் அந்த ஸ்டிக்கரை நம்பி, கிளிப்பிங் ஆகும் அளவுக்கு வால்யூம் வைத்ததே காரணம். சீவப்பட்ட அலையில் புதிதாக ஹை ஃப்ரீக்வென்சி கிளம்பும். அது கிராஸ்ஓவரை (ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) தாண்டி நேரே ட்வீட்டருக்குப் போய் காயிலைச் சுடும்.

ட்வீட்டர் மாற்றியதும், தன் போனை முழுச் சத்தத்தில் வைத்து, கிளிப்பிங் தொடங்கும் இடத்தை வால்யூம் குமிழில் குறித்துத் தரச் சொன்னார். சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.