வால்யூம் பாட்: இதுக்கு தமிழ்ல என்ன சொல்றது?

அப்பா காலத்து ஸ்டீரியோ ரிசீவர கழட்டி தரையில பேப்பர் விரிச்சு வச்சிருந்தேன், வால்யூம திருப்புனா கரகரன்னு ஒரே இரைச்சல், எடது பக்க ஸ்பீக்கர் வேற ஒரு நேரம் பாடுது ஒரு நேரம் ஊமையாயிடுது. பக்கத்துல டார்ச் புடிச்சிட்டிருந்த அண்ணன் மவன், கோயில்ல ஞாயித்துக்கெழம தமிழ் வகுப்புக்கு போற புள்ள, வால்யூம் குமிழுக்கு பின்னாடி இருக்கற சாமான காட்டி, "சித்தப்பா இந்த சாமானுக்கு தமிழ்ல என்ன பேரு"ன்னு கேட்டான். பாட்னு சொன்னேன். அது தமிழான்னான். அப்ப எனக்கு பதில் வரல, அப்பறம் தேடிப் பாத்து யோசிச்சத இங்க எழுதறேன்.

பாட்ங்கறது பொட்டன்ஷியோமீட்டரோட சுருக்கம். பொட்டன்ஷியல் லத்தீன்ல இருந்து வந்தது, மூலச்சொல்லுக்கு வல்லமைன்னு அர்த்தம், மின்சாரத்துல அதத்தான் மின்னழுத்தம்ங்கறோம். மீட்டர் கிரேக்கச் சொல், அளவு. ரெண்டையும் சேத்தா மின்னழுத்தத்த அளக்குற கருவி. 1841ல பொக்கண்டார்ஃப்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி இந்த முறைய விவரிச்சப்ப அது நெசமாவே அளக்கறதுக்குத்தான் இருந்துச்சு. ஆய்வுக்கூடத்துல ஒரே சீரான கம்பிய நீளமா இழுத்துக் கட்டி, அதுல தெரிஞ்ச அழுத்தத்த குடுத்து, கம்பி மேல ஒரு முனைய நகத்திக்கிட்டே போயி, மின்னோட்டத்த காட்டற கால்வனாமீட்டர் முள்ளு சுழியில நிக்கிற எடத்த பாத்து, அந்த நீளத்த வச்சு தெரியாத அழுத்தத்த கணக்கு போடுவாங்க. ரேடியோவுக்குள்ள வந்தப்பறம் அளக்குற வேல போச்சு, கம்பி எடத்துல கரித்தடம் வந்துச்சு, நகர்ற முனை மட்டும் அப்படியே இருக்கு, பேரும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

தமிழ்நாட்டு பள்ளிக்கூட புத்தகத்துல இதுக்கு மின்னழுத்தமானின்னு இருக்கு. ஆய்வுக்கூட கருவிக்கு அது சரியான சொல், ஏன்னா மானின்னா அளக்குறது, வெப்பமானி மழைமானி எல்லாம் அப்படித்தான். ஆனா ரிசீவருக்குள்ள இருக்கறது எதையும் அளக்கல, அதுக்கும் மானின்னு பேர் வச்சா புள்ளைங்களுக்கு தப்பா சொல்லிக்குடுக்குற மாதிரி ஆயிடும்.

சில பேர் மாறுதடைன்னு எழுதறாங்க. அதுவும் முழுசா பொருந்தல. இத மின்தடைய அளக்கற மல்டிமீட்டர் வச்சு அவனுக்கே காட்டுனேன். சாமானுல ஒவ்வொரு பக்க ஸ்பீக்கருக்கும் மூணு கால், ஓரத்து ரெண்டு காலுக்கு நடுவுல அளந்தா குமிழ எப்படி திருப்புனாலும் தடை மாறவே இல்ல. நடுக்காலுக்கும் ஒரு ஓரத்துக்கும் நடுவுல அளந்தாத்தான் மாறுது. குதிர லாடம் மாதிரி வளஞ்ச கரித்தடம் மேல ஒரு உலோக விரல் ஓடுது, அது நிக்கிற எடத்துல அழுத்தம் ரெண்டா பிரியுது, ஒரு பங்கு மட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு போகுது. அதனால உள்ள இருக்கற சாமானுக்கு அழுத்தப் பகுப்பான்ங்கறதுதான் என் முடிவு. ரெண்டு கால மட்டும் வச்சு மின்னோட்டத்த கூட்டி கொறைக்கறதுக்கு ரியோஸ்டாட்னு 1843ல வீட்ஸ்டோன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி தனியா பேரு வச்சாரு, மாறுதடைங்கற சொல்ல அதுக்கு விட்டுடலாம்.

வால்யூம்ங்கற சொல்லு எனக்கு ரொம்ப புடிச்சது. லத்தீன்ல வொல்யூமென்னா சுருட்டி வைக்கிற ஏடு, உருட்டு சுழட்டுங்கற வினையில இருந்து பொறந்தது. சுருள் புத்தகமாச்சு, புத்தகத்தோட பருமன் கன அளவாச்சு, கடைசில சத்தத்தோட அளவும் ஆச்சு, இப்ப அத கூட்டறதுக்கு மறுபடியும் கையால சுழட்டறோம் பாருங்க! தமிழ்ல ஒலியளவுன்னு அழகா இருக்கு.

வெளிய கையில புடிக்கறதுக்கு குமிழ்னு சொல்லு ஏற்கனவே இருக்கு, ஆனா வீட்ல பேசறதுக்கு ஒலித்திருகுன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும். யாழ் நரம்ப முறுக்குறத முறுக்காணின்னு சொன்ன மொழிதானே நம்மளது, கை செய்யற வேலைய வச்சே பேரு வைப்போம்.

சரி, ரிப்பேர். நாங்க இருக்கற பர்மா ரங்கூன்ல மே கடைசில மழ புடிச்சா அக்டோபர் வரைக்கும் ஈரம்தான், அந்த ஈரமும் தூசியும் சேந்து விரல் தடத்த சரியா தொடாம போயிடும், கரகரப்பு பாதி அதுலதான். ப்ளக்க புடுங்கிட்டு மின்சாரத்த சேத்து வைக்கற பெரிய கண்டென்சர்ல சார்ஜ் எறங்கற வரைக்கும் காத்திருந்து, கால் பக்கத்து ஓட்ட வழியா காண்டாக்ட் கிளீனர் கொஞ்சமா அடிச்சு, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் முப்பது தடவ திருப்பி, நல்லா காயவிட்டேன். துருவுக்கு அடிக்கற எண்ணெய் ஸ்ப்ரே வேணாம், உள்ள இருக்கற கிரீஸ கரைச்சிட்டு தூசிய ஒட்டவச்சிடும். கழுவியும் கரகரன்னா முன்னாடி இருக்கற கண்டென்சர் ஒழுகி டிசி (ஒரே தெசையில ஓடற மின்சாரம்) தடத்துக்கு வருதான்னு பாக்கணும்.

எனக்கு கரகரப்பு போச்சு, எடது பக்கம் மட்டும் ஒரே எடத்துல மீட்டர் குதிக்குது, அங்க கரி தேஞ்சிருச்சு, மாத்தித்தான் ஆகணும். மாத்தறப்ப ஜப்பான் சாமான்ல ஏ எழுத்து இருந்தா ஆரம்பத்துல மெதுவாவும் அப்பறம் வேகமாவும் கூடற மடக்கைத் தடம், பி இருந்தா ஒரே சீரா கூடற நேர்த் தடம், நம்ம காது சத்தத்த மடக்கையா கேக்கறதால வால்யூமுக்கு ஏ வேணும், பி போட்டா கொஞ்சம் திருப்புனதுமே அலறும். ஸ்டீரியோவுக்கு ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே தண்டுல ரெட்டைப் பாட் வேணும். சில பழைய ரிசீவர்ல லவுட்னஸுக்கு (சத்தம் கொறைச்சு வச்சாலும் தாழ்ந்த ஒலிய தூக்கிக் குடுக்கற வசதி) நாலாவது கால் இருக்கும், அத பாக்காம வாங்கிடாதீங்க. கடைக்கு குடுக்கற சீட்ட அண்ணன் மவனையே எழுதச் சொன்னேன்: ஒலித்திருகு, ஏ 50கே (தடை 50 கிலோ ஓம்), ரெட்டை, பக்கத்துக்கு மூணு கால். கீழ கடைக்காரருக்காக வால்யூம் பாட்னும் எழுதிக்கிட்டான்.