சிமுலேட்டர் தேர்வு: கை பழகுமுன் எண்கள் பழக வேண்டும்

செஸ்னா, டயமண்ட் போன்ற சிறிய பயிற்சி விமானங்களில் பறந்து பழகிய கை, விமானி வேலைக்கான தேர்வில் ஜெட் சிமுலேட்டரில் (விமானி அறையின் பயிற்சி மாதிரியில்) முதல் சில நிமிடங்களுக்கு அலைபாயத்தான் செய்யும். பவரைக் குறைத்தாலும் ஜெட்டின் வேகம் லேசில் இறங்காது. கூட்டினாலும் எஞ்சின் சுழற்சி ஏறச் சில நொடிகள் ஆகும். தேர்வாளருக்கு இதெல்லாம் தெரியும். விலகலை நீங்கள் எப்போது கவனித்தீர்கள், எவ்வளவு நிதானமாகத் திருத்தினீர்கள், அதே தவறு மறுபடி வந்ததா என்பதைத்தான் அவர் குறித்துக்கொள்வார்.

சிங்கப்பூரில் சாங்கியிலோ சிலேத்தாரிலோ உள்ள பயிற்சி மையத்தில் நடக்கும் தேர்வு, பெரும்பாலும் ஒருவருக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை நீளும். புறப்பாடு, 5,000 அடிக்கு ஏற்றம், வேக மாற்றங்கள், 45 டிகிரி சாய்வில் திருப்பம், ஹோல்டிங் (வானில் வட்டமடித்துக் காத்திருத்தல்), ஐஎல்எஸ் (ஓடுபாதையின் அச்சையும் சரிவையும் ஊசிகளால் காட்டும் வானொலி வழிகாட்டி) அணுகுமுறை, கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலெழுதல்), தரையிறக்கம் என்பது வழக்கமான வரிசை. ஆட்டோபைலட், பவரைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ த்ராட்டில், எந்தப் பக்கம் செலுத்த வேண்டும் என்று திரையில் காட்டும் ஃபிளைட் டைரக்டர் மூன்றையும் அணைத்துவிடுவதும் உண்டு.

அப்போது கைகொடுப்பவை பிட்ச் (மூக்கின் ஏற்றக் கோணம்), பவர் எண்கள். 737 சிமுலேட்டர் என்றால் மட்டப் பறத்தலில் 250 நாட் வேகத்துக்குச் சுமார் 5 டிகிரி பிட்ச், என்1 (எஞ்சின் விசிறியின் சுழற்சி அளவு) 60 சதவீதத்தை ஒட்டி. சக்கரம் இறக்கி, ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடலை) 30-இல் வைத்து 3 டிகிரி சரிவில் இறங்கும்போது சுமார் இரண்டரை டிகிரி பிட்ச், என்1 55 சதவீதம். எடைக்கேற்ப இவை சற்று மாறும். ஏர்பஸ் என்றால் அதற்குரிய எண்களைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் தெரியாதவர் வேகமானியைத் துரத்துவார்: 5 நாட் குறைந்ததும் த்ராட்டிலை வெகுவாக ஏற்றுவார், பிறகு 15 நாட் கூடியதும் இழுப்பார். 737-இல் எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குவதால் பவரைக் கூட்டினால் மூக்கு மேலெழும். இப்படி வேகத்தில் தொடங்கிய பிழை உயரத்துக்கும் பரவிவிடும். பிட்சை வை, பவரை வை, பிறகு டிரிம் செய் (கை அழுத்தமின்றி விமானம் அதே நிலையில் நிற்கும்படி சரிசெய்). இந்த வரிசை மாறக் கூடாது. கையில் அழுத்தம் இருந்தால் டிரிம் முடியவில்லை என்று பொருள். ஏர்பஸ்ஸில் டிரிம் தானாக நடக்கும். அங்கே சைட்ஸ்டிக்கை (பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுக் குச்சியை) ஓயாமல் கிளறுவதுதான் கெடுதல்.

மனக்கணக்கு கொஞ்சம் போதும். நிலவேகத்தை (தரையை ஒப்பிட்ட வேகத்தை) ஐந்தால் பெருக்கினால் 3 டிகிரி சரிவுக்கான இறங்கு வேகம்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி, 20 நாட் எதிர்க்காற்று அடித்தால் 600. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல் தூரம் வேண்டும். நிமிடத்துக்கு 1,000 அடி வேகத்தில் ஏறுகிறீர்கள் என்றால் 100 அடி முன்னரே மட்டமாக்கத் தொடங்குங்கள்.

சாங்கியில் நடப்பதாக அமைத்தால் ஓடுபாதைகள் 023, 203 டிகிரி திசைகளில் இருக்கும்; அவற்றின் பெயர்கள் 02, 20. மேற்குப் பக்கமாக 02-க்குக் கொண்டுவந்தால் 203, பிறகு 113, ஓடுபாதைக்கு நேரான இறுதி அச்சைப் பிடிக்க 053. இந்தத் திசைகளை முன்கூட்டியே காகிதத்தில் வரைந்து பார்த்தவருக்கு, கட்டுப்பாட்டாளரின் குரல் வரும்போது பதற்றம் இருக்காது. இங்கே டிரான்சிஷன் ஆல்டிடியூட் (உயரமானியை உள்ளூர் அழுத்தத்திலிருந்து பொது அழுத்தத்துக்கு மாற்றும் உயரம்) 11,000 அடி. ஆஸ்திரேலியாவில் பயின்று வருகிறவர்கள் 10,000 என்று சொல்லிப் பழகியிருப்பார்கள். விளக்க உரையிலேயே இதைத் திருத்திச் சொல்வது நல்லது.

அதிகம் பேர் தோற்குமிடம் ஐஎல்எஸ்ஸின் கடைசி ஐந்து மைல். ஊசி கொஞ்சம் நகர்ந்ததும் 10 டிகிரி திரும்புகிறார்கள், அது மறுபக்கம் ஓடிவிடுகிறது. ஓடுபாதைக்கு நெருங்க நெருங்க ஊசியின் உணர்திறன் கூடும் என்பதால் 2, 3 டிகிரி திருத்தமே போதும். திருத்தி, காத்திருந்து, பிறகு பார்க்க வேண்டும். 1,000 அடியில் வேகமும் சரிவும் அச்சும் நிலைக்கவில்லை என்றால் கோ-அரவுண்ட் சொல்லுங்கள். தேர்வில் அது மதிப்பெண்ணைக் குறைக்கும் என்ற பயம் வேண்டாம். நிலையற்ற அணுகுமுறையை இழுத்துக்கொண்டு போய் இறக்குவதுதான் பாதகமாகும்.

எஞ்சின் செயலிழப்பு கொடுத்தால் முதலில் ரடரால் (வாலிலுள்ள சுக்கானால்) திசையைக் காத்து, பிட்சைக் காத்து, சக்கரத்தை ஏற்றச் சொல்லுங்கள். 400 அடிக்கு முன் செக்லிஸ்ட் பக்கமே கை போகக் கூடாது.

இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைக்கும் தேர்வில், பக்கத்து இருக்கையில் கண்காணிப்பவராக இருக்கும் நேரத்துக்கும் மதிப்பெண் உண்டு. பெரியவர் தவறைச் சுட்டுவது மரியாதையல்ல என்று வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் வாயடைத்துப் போகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் மூத்த கேப்டனாகவே இருந்தாலும், வேகம் 10 நாட் கூடினால் அந்த நொடியே "ஸ்பீட்" என்று சொல்லுங்கள். விமானி அறையில் மரியாதை என்பது அதுதான்.

வாடகை சிமுலேட்டரில் நிறைய மணி நேரம் வாங்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. இரண்டு வாரம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் காக்பிட் படத்தை ஒட்டி, ஒவ்வொரு அழைப்பையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டு, அதன்பின் ஓர் இரண்டு மணி நேர அமர்வு எடுத்தால் காசுக்குப் பலன் கிடைக்கும். எண்களே தெரியாமல் எடுக்கும் மணி நேரம் வீண்.

தேர்வு முடிந்ததும் "எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். "சரியாத்தான் போச்சு" என்பது பதிலாகாது. "ஹோல்டிங்கில் காற்றுக்கான திருத்தம் குறைவு, அதனால் உள்வரும் தடத்தைத் தாண்டினேன், இரண்டாவது சுற்றில் 8 டிகிரி கூட்டினேன், சரியானது" என்று காரணத்தோடு சொல்லுங்கள்.