குமுட்டி அடுப்பின் கீழ்வாசல்

"மொட்டை மாடியில் ரெண்டு பேர், மிஞ்சிப்போனா நாலு பேருக்குக் கோழி சுடணும். மடக்குறது, உருண்டை, மூடி போட்டது, போடாததுன்னு ஏகப்பட்ட கரி அடுப்பு விக்குது. எதை வாங்கலாம் சார்?" என்று திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

எந்த அடுப்பைப் பார்த்தாலும் முதலில் தூக்கி அடியைப் பாருங்கள். கீழே காற்று நுழைய வழி இருக்கிறதா? அந்த வழியைத் திறக்கவும் மூடவும் முடிகிறதா? கரி சல்லடை மேல் உட்காருகிறதா, வெறும் தகட்டின் மேலா? நிறம், கைப்பிடி, மடக்கும் வசதி எல்லாம் இதற்குப் பிறகுதான். ஏன் என்று சொல்கிறேன்.

விறகைச் சூடாக்கினால் ஈரம் போகும், பிறகு எரியக்கூடிய வாயுக்கள் வெளிவரும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுகிறார்களே, அங்கே நடப்பது இந்த வாயுக்களை முன்கூட்டியே விரட்டும் வேலை. மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய 16 மெகாஜூல் ஆற்றல் இருந்தால், ஒரு கிலோ கரியில் 29 மெகாஜூல் வரை இருக்கும்.

இந்தக் கரி எரியும் விதம்தான் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத ஒன்று.

விறகின் வாயு தானாகக் கிளம்பிப் போய்க் காற்றோடு கலக்கிறது. கரி அப்படிப் போகாது. கார்பன் ஆவியாக வேண்டுமானால் 3,600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். எந்த அடுப்பும் அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆகவே கரி இருந்த இடத்திலேயே இருக்கும், ஆக்சிஜன்தான் அதைத் தேடி வரவேண்டும். வரும் வழியில் ஒரு தடை. ஒவ்வொரு கரித்துண்டையும் சுற்றி அசையாத வாயு மெல்லிய போர்வைபோல் ஒட்டிக் கிடக்கிறது. அதற்குள் புகுந்துதான் ஆக்சிஜன் உள்ளே போகவேண்டும், எரிந்து உண்டான வாயு வெளியே வரவேண்டும். நன்றாகப் பற்றிய கரி எவ்வளவு வேகமாக எரியும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் போர்வைதான் முடிவு செய்கிறது.

மெரினாவில் சோளக்கதிர் சுடுபவரின் கையைப் பாருங்கள். விசிறி ஒரு வீச்சு போனதும் கங்கு அடர்சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்குத் தாவும்; வீச்சு நின்றதும் மறுபடி மங்கும். அவர் புதிதாகக் கரி எதுவும் போடவில்லை. காற்று வேகமாகப் படும்போது அந்தப் போர்வை மெலிகிறது, ஆக்சிஜன் சட்டென்று உள்ளே நுழைகிறது, அவ்வளவுதான்.

அந்த நிறமாற்றத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கங்கின் மேல்பரப்பு 600 டிகிரியிலிருந்து 900 டிகிரிக்கு ஏறினால் வெப்பம் ஒன்றரை மடங்கு வரும் என்று தோன்றும். உண்மையில் அது வீசும் கதிர்வீச்சு மூன்று மடங்குக்கும் மேலாகிறது. கதிர்வீச்சு, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்று யோசெஃப் ஸ்டெஃபான் என்ற இயற்பியலாளர் 1879-இல் சொன்னார். 1884-இல் லுட்விக் போல்ட்ஸ்மான் அதற்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தார். செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின்; ஆக 873 கெல்வின் 1,173 கெல்வினானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோழித்துண்டின் மேல்தோல் கருஞ்சிவப்பாக முறுகுவதில் பெரும்பங்கு இந்தக் கதிர்வீச்சுக்குத்தான்.

எரிந்த கரியின் மேல் சாம்பல் படியும்போது இரண்டாவது போர்வை சேர்கிறது. 'நீறு பூத்த நெருப்பு' என்று நாம் சொல்வது கச்சிதமான அறிவியல். சாம்பல் ஆக்சிஜன் வரத்தையும் மட்டுப்படுத்துகிறது, சூடு வெளியே போவதையும் தடுக்கிறது; உள்ளே கங்கு மெல்ல மெல்ல எரிந்து உயிரோடு இருக்கிறது. என் பாட்டி இரவில் கங்கைச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டுப் படுப்பார். விடியற்காலையில் கிளறி, நாலு சிராய் வைத்து ஊதினால் தீ பிடித்துவிடும். தீப்பெட்டி எடுத்து நான் பார்த்ததில்லை.

இப்போது அடுப்புக்கு வருவோம். மணிக்கணக்கில் விசிறிக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையை அடுப்பே செய்யவேண்டும். 27 டிகிரி காற்று 300 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறையப் பாதியாகிறது. லேசான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கீழ்வாசல் வழியே புதுக்காற்று வரும். அடுப்பு உயரமாக இருந்தால் இழுப்பும் கூடும். பாட்டியின் குமுட்டி அடுப்பு வாளி உயரம்தான் இருக்கும். நடுவில் சல்லடை, கீழே சாம்பல் விழும் வாசல், உள்ளே களிமண் பூச்சு. கரி பற்றிய பிறகு ஊதுபத்திப் புகையை அந்த வாசலருகே கொண்டுபோனால் புகை வளைந்து உள்ளே ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நான் முதலில் வாங்கியது சூட்கேஸ் மாதிரி மடங்கும் தட்டை அடுப்பு. பக்கவாட்டில் நாலு ஓட்டை, அடியில் ஒன்றுமில்லை. ஓரத்துக் கரி எரிந்தது, நடுவில் இருந்தது சாம்பலுக்குள் அமுங்கியது. நடுத்துண்டுகளைக் கடித்தபோது எலும்போரம் ரத்தச் சிவப்பு.

களிமண் பூச்சு ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு. அரைக்கிலோ கோழியை 27-லிருந்து 75 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவையான சூடு மூன்று கிராம் கரியில் இருக்கிறது. 100 கிராம் நீர் ஆவியாவதையும் சேர்த்தால் பதினொரு கிராம் போதும். நாமோ அரைக்கிலோ கரி கொட்டுகிறோம். மீதி மாடிக்காற்றுக்கும், மெல்லிய தகட்டைத் தாண்டி நம் முழங்காலுக்கும் போகிறது. தகட்டைத் தாண்டும் சூட்டைக் குறைக்கத்தான் களிமண் பூச்சு. அடுப்புகளை இப்படி உட்கார்ந்து அளப்பது சின்ன வேலையல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் அமுல்ய ரெட்டி முன்னின்று தொடங்கிய அஸ்த்ரா குழு, கிராமத்து விறகடுப்பை முழு ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு புகை குறைந்த அடுப்பை உருவாக்கியது. ராக்கெட்டுக்குக் கொடுக்கும் மரியாதையை அடுப்புக்கும் கொடுத்து, இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராக்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புகை தினமும் போவது அம்மாக்களின் நுரையீரலுக்குள்.

ஆகவே திருப்பூர் நண்பரே, வாளி வடிவ இரும்பு அடுப்பு, உள்ளே மண்பூச்சு இருந்தால் இன்னும் நல்லது. கங்குக்கும் கம்பிவலைக்கும் இடையே ஒரு சாண் வேண்டாம், அரைச்சாண் போதும். வலை உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி, சூடு பொறுக்காமல் மூன்று விநாடியில் இழுத்துக்கொண்டால் துண்டுகளை வைக்கலாம். வாளி வடிவம் என்றதும் துத்தநாகம் பூசிய தண்ணீர் வாளியில் ஓட்டை போட்டுச் செய்துவிடாதீர்கள். கங்கின் சூட்டில் துத்தநாகம் புகையாகக் கிளம்பும். மூச்சில் போனால் காய்ச்சல் வரும்.

இருட்டியதும் கரிக்குவியலின் தலையில் மெல்லிய நீலச் சுவாலை ஆடுவதைக் கவனியுங்கள். அடியில் உண்டான கார்பன் டை ஆக்சைடு, மேலே உள்ள தகிக்கும் கரியினூடே ஏறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அது வெளிக்காற்றைத் தொட்டு எரிவதுதான் அந்த நீலம். கங்கு தணியும்போது நீலச் சுவாலை மறையும், வாயு மட்டும் எரியாமல் வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். வட இந்தியாவில் குளிர்காலத்தில் அங்கீதி என்னும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, குடும்பத்தோடு எழாமல் போனவர்கள் உண்டு. மழை தூறினாலும் அடுப்பை மாடிப்படி அறைக்குள் இழுக்காதீர்கள். சாப்பிட்டு முடிந்ததும் கீழ்வாசலை மூடி, மேலே ஒரு இரும்புத் தட்டைக் கவிழ்த்து, மாடியிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். காலையில் சாம்பலைக் கொட்டும் முன் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள், உள்ளே கங்கு இருக்கலாம்.