மாலையில் திரும்பி வரும் பை

கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். வேலைக்கான உடுப்பையும் சாமான்களையும் பைக்கில் எடுத்துவர எந்தப் பை நல்லது, அதில் எதை எப்படி வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். காலையில் கேட்டருகே நின்று ஹெல்மெட், ஷூ, உயரத்தில் வேலை செய்யும்போது விழாமல் இருக்க உடம்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸ் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துத்தான் ஆட்களை உள்ளே விடுவோம். ஒருநாள் ஒரு தம்பியின் ஹார்னஸை வாங்கி, வழக்கம்போல பட்டையை விரல்களுக்கு நடுவில் இழுத்துக்கொண்டே வந்தேன். தொடைப் பட்டையில் ஓரிடத்தில் விரல் நின்றது. நான்கு விரல் அகலத்துக்கு நூல் உருகி, பளபளவென்று, நகம் மாதிரி விறைத்துக் கிடந்தது. வெல்டிங் பொறி பட்டதா என்று கேட்டால், இல்லை. பைக்கில் பக்கவாட்டில் தொங்கவிட்ட துணிப் பை வழியெல்லாம் சைலென்சரில் உரசிக்கொண்டே வந்து, பையில் ஓட்டை விழுந்து, உள்ளே இருந்த பட்டையும் வெந்திருக்கிறது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அங்கேயே வெட்டிப் போட்டோம். அவருக்கு என்மேல் நல்ல கோபம்.

ஹார்னஸ் பட்டை பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், அது உருகுவது ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸில். அதற்கு வெகு முன்பே வலு குறையத் தொடங்கிவிடும். அதனால் பக்கவாட்டுத் துணிப் பை வாங்குகிறவர்கள் சேடில் ஸ்டே என்கிற இரும்புச் சட்டத்தையும் சேர்த்தே மாட்டிவிடுங்கள், பை உள்பக்கம் சாயாது. சட்டம் இல்லாமல் தொங்கும் பை சைலென்சரில் படாவிட்டால் பின்சக்கரத்தில் படும்.

பை எத்தனை லிட்டர் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நான் கேட்பது வேறு: மாலையில் இதில் என்ன திரும்பி வரும்? காலையில் போவது துவைத்து மடித்த சட்டை. திரும்புவது வியர்வையில் நனைந்த உடுப்பு, சிமென்ட் தூசி, சேறு படிந்த ஷூ, சில வேலைகளில் ஈயம் கலந்த பழைய பெயின்ட் தூசியும்கூட. 1995இல் தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நயோஷ் (NIOSH) அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த ஓர் அறிக்கை முழுக்கவே இதைப் பற்றியதுதான். ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் தொழிலாளர்களின் உடுப்பில் ஒட்டி வீட்டுக்குப் போய் மனைவி மக்களைப் பாதித்த சம்பவங்களைத் தொகுத்திருந்தார்கள். அந்த மாதிரி வேலை என்றால் உடுப்பு வீட்டுக்கே வரக்கூடாது, தளத்திலேயே கழற்றி அங்கேயே துவைக்க ஏற்பாடு இருக்க வேண்டும், பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. சாதாரண மண், தூசி, எண்ணெய் என்றால் ஈரத்துணியால் உள்ளே துடைக்க முடிகிற பை போதும்: பிவிசி பூசிய தார்ப்பாய்த் துணி, வாயைச் சுருட்டிப் பூட்டுகிற வகை. பத்துப் பாக்கெட் வைத்துத் தைத்த பைகள் கடையில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அத்தனை மூலையிலும் தூசி உட்கார்ந்துகொள்ளும். உள்ளே வேறு வேறு நிறத்தில் இரண்டு சின்ன உறைகள் போட்டு, சுத்தம் ஒன்றில், அழுக்கு ஒன்றில் என்று பிரித்துவிட்டால் மறுநாள் குழப்பம் வராது. ஹார்னஸுக்குத் தனி உறை கட்டாயம், பக்கத்தில் எண்ணெய், பேட்டரி, கூர்மையான கருவி எதுவும் வேண்டாம். ஆசிட் பட்ட நைலான் பட்டை பல சமயம் பார்க்க நன்றாகவே இருக்கும், வலு மட்டும் போயிருக்கும்.

சீட்டுக்குப் பின்னால் கேரியரில் மாட்டும் டாப் பாக்ஸ் பெட்டி எனக்குப் பிடிக்கும், பூட்டு இருக்கிறது, மழை புகாது. ஆனால் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் எடை வரம்பை யாரும் படிப்பதில்லை. பல பெட்டிகளில் அது 3 கிலோவிலிருந்து 10 கிலோவுக்குள்தான் இருக்கும், கேரியருக்குத் தனி வரம்பு வேறு உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. பின் அச்சுக்கும் பின்னால் உயரத்தில் எடை ஏறினால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். இரும்பு முனை ஷூ, கருவிகளைக் கீழே பக்கப் பைகளில் இருபுறமும் சமமாக வையுங்கள். மேலே ஹெல்மெட், ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட், கையுறை. வேலைக்கான ஹெல்மெட்டைக் கிராஷ் கார்டில் தொங்கவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், வெயிலும் இடியும் வாங்கி அந்த பிளாஸ்டிக் நொறுங்கிப்போகும் நிலைக்கு வந்துவிடும். ஷூவை ஹெல்மெட்டுக்குள் திணித்து எடுத்துவருவதும் வேண்டாம், அதன் உள்பட்டை கோணிவிடும்.

முதுகுப் பை? உடுப்பு மட்டும் என்றால் சரி. ஸ்பேனர், சுத்தியல் வைத்தால், விழும்போது முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் அந்த இரும்புதான் இருக்கும். இன்னொன்று, ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தில் மின்னும் பட்டையையும் அது மறைத்துவிடுகிறது, இருட்டில் பின்னால் வருகிற வண்டிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கொக்கி போட்ட எலாஸ்டிக் கயிறு கை நழுவினால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும், பக்கிள் உள்ள தட்டைப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள், மிச்ச முனையைச் செயினில் சிக்காதபடி முடிந்துவிடுங்கள். ஹார்னஸை மேலே உறுதியான இடத்தோடு இணைக்கும் கயிறான லான்யார்டால் பையைக் கட்டிக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்! உயிரைத் தாங்க வேண்டிய கயிறு அது.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பதை நம்பிவிடாமல், உள்ளே பழைய செய்தித்தாளைப் போட்டு மூடி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். தையல் ஓரத்தில் தாள் நனைந்திருந்தால் மழைக்கு ஆகாது. அப்புறம் முழு எடையையும் ஏற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பின்விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் தெரிகிறதா என்று பாருங்கள். டயர் காற்றையும் பைக்கோடு வந்த கையேட்டில் எடைக்கு ஏற்பச் சொன்ன அளவுக்கு நிரப்பிவிட்டு, இருபது நிமிடம் ஓட்டி வந்து, இறங்கியதும் சைலென்சர் பக்கத்துப் பையின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பக்கம் ஹார்னஸ் வேண்டாம்.