காண்டாக்ட்: தொடர்பா, முகவரியா, பெயரா?

மின்னஞ்சல் செயலியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருப்பவர்கள் ‘தொடர்புகள்’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனால் ‘புதிய தொடர்பைச் சேர்’, ‘தொடர்பை நீக்கு’, ‘தொடர்புகளை நிர்வகி’ என்ற பாணியில் கட்டளைகள் வரும். காண்டாக்ட் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அம்மாவிடம் போனைக் கொடுத்து ‘சித்தியோட தொடர்பை எடும்மா’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எதை எடுக்கணும்?’ என்று கேட்பார். ‘சித்தி பேரை எடும்மா’ என்றால் கை தானாகப் போகும்.

காண்டாக்ட் லத்தீனிலிருந்து வந்தது. ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘டாங்கெரே’ என்றால் தொடுதல். கணக்குப் பாடத்தில் வரும் டாஞ்சென்ட்டும் இதே வேரில் பிறந்ததுதான். அதற்குத் தொடுகோடு என்று பெயர் வைத்தவர்கள் வேரைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் முதலில் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடுவதைத்தான் காண்டாக்ட் குறித்தது. அப்புறம் மனிதர்களுக்கு இடையிலான உறவு. தேவைப்பட்டால் அணுகக்கூடிய ஆளையே காண்டாக்ட் என்று சொல்லும் வழக்கம் வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். கணினி எடுத்துக்கொண்டது இந்தக் கடைசிப் பொருளை.

தமிழில் தொடர்பு அந்தக் கடைசிப் படியை ஏறவில்லை. தொடர் என்ற வினையிலிருந்து வந்த தொழிற்பெயர் அது. ‘பண்புடை யாளர் தொடர்பு’ என்கிறது 783ஆம் குறள். படிக்கப் படிக்க நூல் இனிப்பதுபோல, பழகப் பழக இனிக்கும் உறவு. அங்கே பண்புடையாளர் வேறு, தொடர்பு வேறு. ஆள் ஒரு பக்கம், அவரோடு நமக்குள்ள இழை இன்னொரு பக்கம். இன்றைக்கும் அப்படித்தான். வீடு வாடகைக்கு என்ற அட்டையின் அடியில் ‘தொடர்புக்கு’ என்று எண் போட்டிருந்தால் யாருக்கும் குழப்பமில்லை. ‘கொள்ளையில் தொடர்பு’ என்று செய்தித்தாள் எழுதினாலும் புரிகிறது. ‘எனக்கு முந்நூறு தொடர்புகள் இருக்கின்றன’ என்றால்தான் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார். ‘தொடர்பாளர்’ என்று ஆளாக்கிவிடலாமே என்றால், அந்த இடத்தில் ஏற்கெனவே செய்தித் தொடர்பாளர் உட்கார்ந்திருக்கிறார்.

காண்டாக்ட் வருவதற்கு முன்னால் மின்னஞ்சல் நிரல்களில் இதற்கு அட்ரஸ் புக் என்றே பெயர். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலில் இன்றும் அதுதான். அட்ரஸும் லத்தீன் வழி வந்த சொல்லே. ஒன்றை நேராக ஒரு திக்கில் செலுத்துவது அதன் அடிப்பொருள். கடிதம் எங்கே போக வேண்டும் என்று செலுத்தும் வரி அட்ரஸ் ஆனது. தமிழில் முகவரி என்பதைப் பிரித்தால் முகம், வரி என்று வரும். முகப்பு, முகவுரை என்பதில் உள்ள அதே முகம். வரி என்றால் எழுத்து, கோடு. கடிதத்தின் முகப்பில் எழுதும் வரி என்று பொருள் அழகாக விழுகிறது. அட்ரஸ் போகும் திசையைச் சொன்னது, முகவரி எழுதும் இடத்தைச் சொன்னது. மின்னஞ்சலிலும் அந்த வரி மேலேதானே இருக்கிறது!

என் அப்பா காலத்துச் சொல் விலாசம். இது வடமொழி விலாசம். அங்கே அதற்கு விளையாட்டு, ஒயில், அழகு என்று பொருள். ஓட்டல் பலகைகளில் ‘விலாஸ்’ என்று முடிவதும் அதே சொல்தான். அட்ரஸ் என்ற பொருளில் அது தென்னாட்டில் நிலைத்துவிட்டது. மலையாளத்தில் மேல்விலாசம், கன்னடத்தில் விளாச. தெலுங்குக்காரர்கள் சிருநாமா என்கிறார்கள். அது பாரசீகத்தின் சர்நாமா, கடிதத்தின் தலைப்பு. ஆக நம் முகவரியும் அவர்களுடைய சிருநாமாவும் வேறு வேறு வழியாக வந்து, காகிதத்தின் அதே இடத்தில் நிற்கின்றன.

விலாசத்துக்கு இன்னொரு பொருள் உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தாரிடையே, ஒரு கடையை அடையாளம் காட்டும் தலைப்பெழுத்துகளின் வரிசைக்கும் விலாசம் என்றே பெயர். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்களை அந்த எழுத்துகளை வைத்தே அறிந்தார்கள். எழுத்துகளைப் பார்த்தாலே எந்தக் குடும்பம், எந்தக் கடை என்று தெரிந்துவிடும். இருக்கும் இடமும், இன்னார் என்ற அடையாளமும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முகவரி ஏடு செய்ய வேண்டிய வேலையும் அந்த இரண்டும்தான்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் ஏட்டில் மூன்று செந்தில்கள். அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்பை அச்சகத்துச் செந்திலுக்கு அனுப்ப, பெறுநர் பெட்டியில் ‘செந்’ என்று தட்டினேன். நிரல் மீதியை நிரப்பியது. நானும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்தது வேலையிடத்தில் கூட இருந்த செந்திலுக்கு. ‘தாய்மாமன் பெயரில் எழுத்துப்பிழை, உடனே திருத்தவும்’ என்ற என் வரியைப் படித்துவிட்டு அவர் பதறிப்போய் போன் செய்தார். பத்திரிகை ஒரு நாள் தள்ளிப் போயிற்று. அவருடைய முகவரியை நான் சேர்த்ததாகவே நினைவில்லை. தண்டர்பேர்ட் போன்ற நிரல்கள், நாம் யாருக்கு அஞ்சல் அனுப்பினாலும் அந்த முகவரியைத் தாமாகவே எடுத்துத் தனி ஏட்டில் போட்டுக்கொள்ளும். அதைச் ‘சேகரித்த முகவரிகள்’ என்று சொல்லலாம். அந்த அமைப்பை நிறுத்தியும் வைக்கலாம். நிறுத்தாவிட்டால் அவ்வப்போது திறந்து களையெடுக்க வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. முகவரி விவரங்களை ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வி-கார்டு என்ற வடிவம் இருக்கிறது. 1990களின் நடுவில் பிறந்தது. அதில் ஒருவரின் பெயரை ஐந்து அறைகளாகப் பிரிப்பார்கள்: குடும்பப் பெயர், இட்ட பெயர், கூடுதல் பெயர், முன்னொட்டு, பின்னொட்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் தலைப்பெழுத்துதான் உண்டு. நிரல் கேட்கிறதே என்று அந்த ஒற்றை எழுத்தைக் கடைசிப் பெயர் அறையில் போடுகிறோம். கடைசிப் பெயரை வைத்து அடுக்கும்போது கே. தலைப்பெழுத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறார்கள். யாரும் யாரையும் தலைப்பெழுத்தைச் சொல்லித் தேடுவதில்லையே.

2011இல் வந்த வி-கார்டு 4.0, ஆர்.எஃப்.சி. 6350 என்ற இணையத் தர ஆவணம், இதைத் தளர்த்தியது. அதன்படி, பெயரைப் பொறுத்தவரை முழுப்பெயர் ஒன்றுதான் கட்டாயம். அந்த ஐந்து அறைப் பிரிவு இல்லாமலும் இருக்கலாம். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையும், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூ.டி.எஃப்-8 என்று ஒன்றே ஆனது. பழைய 2.1 வடிவத்தில் தமிழ்ப் பெயர்கள் சமக்குறியும் எண்ணும் எழுத்துமாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏற்றுமதி செய்யும்போது எந்த வடிவம் என்று கேட்டால், வாங்கப்போகும் நிரல் ஏற்கும்பட்சத்தில் 4.0 என்றே சொல்லுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முழுத் தொகுப்புக்கு முகவரி ஏடு. பேரேடு, பதிவேடு, குறிப்பேடு என்று கணக்கு எழுதிய நாளிலிருந்தே நமக்கு ஏட்டுக் குடும்பம் ஒன்று உண்டு. அதில் இதுவும் இயல்பாகச் சேரும். முகவரிப் புத்தகம் என்பதில் தவறில்லை. ஆனால் புத்தகத்தைப் படிப்போம், ஏட்டில்தான் பதிவோம். ஏட்டின் ஒவ்வொரு வரிக்கும் பதிவு. கட்டளைக்கு ‘புதிய பெயரைச் சேர்’. அஞ்சல் பெட்டிக்கு அனுப்புநர், பெறுநர், நகல் என்று அலுவலகக் கடிதம் கற்றுத் தந்த சொற்களே போதும். பிறர் கண்ணில் படாமல் போகும் நகலுக்கு மறைநகல் என்பது பொருத்தம். ‘நிர்வகி’ மட்டும் வேண்டாம். நிர்வாகம் என்றால் நமக்கு ஆலையும் அறக்கட்டளையும்தான் நினைவுக்கு வரும். பெயர் திருத்துவது, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குவது, பழையதை நீக்குவது எல்லாம் ஏட்டைச் சீர்செய்வது. ‘ஏட்டைச் சீர்செய்’ என்றே பொத்தானில் போடலாம். தொடர்பு என்ற சொல் ‘தொடர்புக்கு’ என்ற இடத்தில் இருக்கட்டும், அங்கே அது நன்றாக வேலை செய்கிறது.

என் ஏட்டில் இப்போது முழுப்பெயர் அறை மட்டும் நிரம்பியிருக்கிறது. செந்தில் அச்சகம். செந்தில் பழைய ஆபீஸ். செந்தில் மாமி வீட்டு மாடி. ‘செந்’ என்று தட்டினால் மூன்றும் விலாசத்தோடு வந்து நிற்கின்றன.